குடமுருட்டியும் ஒத்தைக் காதும்

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு எல்சி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். அடுப்பை அணைத்தவள் மறுநாள் காலைவரை அந்தச் சட்டியைத் திறக்கவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்துல் அஜீஸ். துபாயில் பல வருஷம் ஒரு பெரிய ஆடியோ கடையில் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி நாகூரில் சொந்தமாகக் கடை போட்டவர். அவருடைய மகள் நஜ்மாதான் எல்சியின் வீடியோக்களைப் படம்பிடித்து, வெட்டி ஒட்டித் தருகிறவள். அப்பாவும் மகளுமாகப் பெட்டியைக் காரிலிருந்து இறக்கி, மயிலாடுதுறையில் எல்சி வாடகைக்கு இருந்த அந்த மாடி வீட்டுக்கு மூச்சு வாங்கத் தூக்கிவந்தார்கள்.

"என்ன பாய் இது, சொல்லாமக் கொள்ளாம?"

"பேரைப் பாரும்மா."

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொன்னிற எழுத்தில் இருந்தது: குடமுருட்டி இரண்டு.

எல்சி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தீபாவளிக்கு முன்னாடி கடைக்கு வருது" என்றார் அஜீஸ். "டீலருங்களுக்கு மட்டும் முன்கூட்டி ஒரு ஜோடி அனுப்பியிருக்காங்க. அடுத்த வாரம் தஞ்சாவூர்ல அறிமுக விழா. அதுக்குள்ள நீ ஒரு தடவை கேட்டுச் சொன்னீன்னா, வாங்கி அடுக்கலாமா வேணாமான்னு எனக்கும் தெரிஞ்சுடும்."

"யார்கிட்ட கொண்டாந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எல்சிக்கு இடது காது கேட்காது. அடியோடு கேட்காது என்றில்லை. தவிலில் கனத்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் கேட்கும், லாரியின் உறுமல் கேட்கும். குக்கர் விசில், கொலுசு, தொலைபேசி மணி, 'ச'வும் 'ஸ'வுமாக வருகிற எழுத்துகள் எதுவும் அந்தப் பக்கமாக உள்ளே நுழையாது. அவற்றுக்குப் பதிலாக ஒரு ரீங்காரம் அங்கே குடியிருந்தது. அவள் தூங்கும்போதும் அது தூங்காது.

அந்தக் காது பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. தரங்கம்பாடியில், லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் சிறுமியாக நின்று பாடியபோது, பின்வரிசையில் யார் சுருதி இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். அந்தக் காதுதான் அவளைப் பொறியியல் படிப்புக்கும், அங்கிருந்து ஸ்பீக்கர் பைத்தியத்துக்கும் இழுத்துப்போனது. அதே பைத்தியம் பிடித்த இன்னொருவன் அவள் வகுப்பில் இருந்தான். தஞ்சாவூர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், கிளமென்ட். படிப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து, தஞ்சாவூரில் கிளமென்ட் வீட்டுக் கார் ஷெட்டில் வேலையைத் தொடங்கினார்கள். சின்ன அறையில், சின்ன மேசைமேல் வைக்கிற, ஆனால் பெரிய ஸ்பீக்கரைப் போல் பேசுகிற ஒரு ஜோடி செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அவன் பெட்டி செய்வதில் கெட்டிக்காரன். மரத்தை அறுத்து மூலை சேர்த்தால் மயிரிழை நுழையாது. ஒலியை ஒழுங்கு செய்வது எல்சி. தாழ்ந்த ஒலிக்கு ஒரு காகிதக் கூம்பு, உயர்ந்த ஒலிக்கு ஒரு பட்டுக் குமிழ். இரண்டுக்கும் நடுவில் ஒலியைப் பங்குபோட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன மின்சுற்று. அந்தச் சுற்றுக்காக அவள் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். ஒரு பாகத்தை மாற்றுவாள், கேட்பாள், பழையதைத் திரும்ப வைப்பாள். பெயர் வைத்ததும் அவள்தான். பெட்டி சின்னதாக இருந்தாலும் அடி ஒலி குடம் உருண்டதுபோல் உருண்டு வருகிறது, நம்மூர் ஆற்றின் பெயரையே வைப்போம் என்றாள்.

எல்லாம் முடிந்து, மாதிரி ஜோடி தயாரான ஒரு மத்தியானம். ஒரு ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் வருகிறதா என்று பார்க்க, எல்சி இடது காதைப் பட்டுக் குமிழுக்குப் பக்கத்தில் வைத்துக் குனிந்திருந்தாள். கிளமென்ட் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைக்காமல் வயரைச் செருகினான். காதுக்குள் அணுகுண்டுப் பட்டாசு வெடித்தது போலிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவன் அழுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதுவரைக்கும் அவள் அவனைக் குற்றம் சொல்லவில்லை. கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அறிவுச்செல்வன் என்பவர் அவர்கள் தொழிலுக்கு முதல் போட முன்வந்திருந்தார். அவரைப் பார்க்க எல்சி போனபோது, அவர் மிகுந்த கருணையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. கிளமென்ட் தம்பி எல்லாம் சொல்லுச்சு. பாவம், பொறந்ததுலேர்ந்தே ஒரு காது கேக்காதாமே?"

எல்சிக்கு அவர் சொன்னது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. "என்ன சொன்னான்?"

"கூடப் படிச்ச பொண்ணு, சின்னச் சின்ன ஒத்தாசை செய்யும், டியூனிங் எல்லாம் நான்தான்னு சொல்லுச்சு. நல்ல மனசும்மா அந்தத் தம்பிக்கு. ஆனா பாரு, ஸ்பீக்கர் செய்யிறவங்களுக்குக் காதுதானே மூலதனம். நாலு பேருக்குத் தெரிஞ்சா ஏவாரம் என்னத்துக்கு ஆவும்? நீ வீட்லேர்ந்தே ஏதாவது ஒத்தாசை பண்ணு."

அவள் நேராகத் தஞ்சாவூருக்குப் போனாள். கிளமென்ட் மறுக்கவில்லை. "வேற என்ன சொல்லச் சொல்ற? நான்தான் கெடுத்தேன்னு சொன்னா அந்த ஆள் பின்வாங்கிடுவாரு. உனக்குக் கேக்கலைங்கறது உண்மைதானே?" என்றான். அவர்களுக்குள் எழுத்து மூலமாக எதுவும் கிடையாது. நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டார்கள். எல்சி தன் ஸ்க்ரூடிரைவர்களை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

குடமுருட்டி வெளிவந்தது, நன்றாக விற்றது. 'தஞ்சை தந்த தங்கக் காது' என்று ஒரு பத்திரிகை கிளமென்டின் படத்தைப் போட்டது. எல்சி அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினாள். வயிற்றெரிச்சல் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே ஒட்டினாள். பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பாள். அவள் அம்மா மகளைக் கல்யாணப் பேச்சால் திசைதிருப்பப் பார்த்துத் தோற்றார். போதகர் ஒருமுறை வந்து மன்னிப்பைப் பற்றி மெதுவாகச் சொன்னார். "அவன் கேக்கட்டும் ஐயா, அப்புறம் யோசிக்கிறேன்" என்று காபி கொடுத்து அனுப்பினாள்.

பிறகு சேனல் தொடங்கினாள். 'ஒத்தைக் காது' என்று பெயர். முதல் வீடியோவில் கேமராவைப் பார்த்து, "எனக்கு ஒரு காதுதான் கேக்கும். அந்த ஒண்ணை வச்சுக் கேட்டதைச் சொல்றேன். ரெண்டு காதும் வேண்டிய விஷயத்துக்கு நஜ்மாகிட்ட கேட்டுக்குவேன்" என்றாள். கேலி செய்ய வந்தவர்கள் சேனலிலேயே தங்கிவிட்டார்கள். எந்தக் கம்பெனி ஸ்பீக்கராக இருந்தாலும் நல்லதை நல்லது என்பாள், சொத்தையைச் சொத்தை என்பாள். குடமுருட்டியை மட்டும் தொடவேயில்லை. "அக்கா, குடமுருட்டி எப்போ?" என்று பார்வையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளால் எப்படித் தொட முடியும்? அது அவள் பெற்ற பிள்ளை. அதில் குறை இல்லை. குறை இல்லாததைக் குறை சொன்னால் அவன் செய்ததையே அவளும் செய்ததாக ஆகும். அதனால் காத்திருந்தாள். என்றைக்காவது ஒருநாள் அவன் தன் கையால் ஒன்றைச் செய்வான். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதோ, அது அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அஜீஸ் நாகூர் திரும்பிவிட்டார். நஜ்மா கேமராவை நிறுத்தினாள். எல்சி பெட்டியைப் பிரித்து, ஸ்பீக்கர்களை மணல் நிரப்பிய இரும்புக் கால்கள்மேல் ஏற்றினாள். முதலில் கண்ணால் பார்த்தாள். பழையதைவிட அழகு கூடியிருந்தது. முன்பக்கத்து வலையில் கோலம் போட்டதுபோல் துளைகள். பக்கங்களில் பலாமரச் சீவல் ஒட்டி, 'வீணை மரபில் வந்த ஸ்பீக்கர்' என்று விளக்கத் தாளில் அச்சடித்திருந்தார்கள்.

"வீணைக் குடம் பலாக்கட்டையைக் குடைஞ்சு செய்யறது. இது ஒட்டுப்பலகை மேல தோல் ஒட்டினது. வீணை பாடணும். ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவே கூடாது" என்றாள் எல்சி.

விரல் முட்டியால் பெட்டியை அங்கங்கே தட்டினாள். ஓரிடத்தில்கூட வெற்றுக்குடம்போல் ஒலிக்கவில்லை. உள்ளே குறுக்குக்கட்டை சரியான இடத்தில் இருந்தது. மூலைகள் மயிரிழை நுழையாமல் சேர்ந்திருந்தன. பின்பக்கத்தில் காற்று வெளியேறும் மூச்சுக்குழாயின் வாயை அகட்டி, சுவருக்கு அருகில் வைத்தாலும் அடி ஒலி கும்மென்று அடைக்காதபடி செய்திருந்தான். அதையெல்லாம் கேமராவில் உள்ளபடியே சொன்னாள். சொல்லும்போது புளித்த மோரைக் குடித்தவள்போல் முகம் கோணியது.

"பெட்டி வேலை பிரமாதம். இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

பிறகு ஒலி. எல்சி சினிமாப் பாட்டு வைத்து ஸ்பீக்கரை எடைபோடுகிறவள் இல்லை. அவளே பதிவு செய்து வைத்த ஓசைகள் இருந்தன: நாகூர் கந்தூரி விழாவில் அதிர்ந்த நகரா முரசு, தரங்கம்பாடி ஆலயத்தின் ஆர்கன், கல்யாண ஊர்வலத்தில் நாகசுரமும் தவிலும், வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் சத்தம். நகரா அறையை அதிரவைத்தது. ஆனால் எல்லை மீறவில்லை. ஆர்கனின் கீழ்க்கட்டை வெண்ணெய். நாகசுரம் வந்தபோது எல்சி வலது காதைச் சற்றே திருப்பினாள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் ஓரம் கத்திபோல் கீறியது. மதகுத் தண்ணீரைப் போட்டாள்.

நஜ்மா முகத்தைச் சுளித்தாள். "அக்கா, தண்ணி விழுற மாதிரி இல்லயே. கடுகு பொரியற மாதிரில்ல இருக்கு."

அளவு பார்க்கும் மைக்கை வைத்துப் பார்த்தார்கள். கணினித் திரையில் கோடு நடுவரை சமமாக வந்து, உயர்ந்த ஒலிகள் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மேடேறி நின்றது. சின்ன மேடில்லை. எல்சிக்குச் சந்தோஷம் நெஞ்சுவரை வந்தது. ஆனால் குழப்பமாகவும் இருந்தது. கிளமென்ட் இப்படிச் செய்ய மாட்டான். பெரிய காது இல்லையென்றாலும் அவனுக்கு இருந்தது நல்ல காதுதான். இந்தக் கிறீச்சிடல் தெரியாமலா இதை வெளியே விட்டான்?

நாகசுரத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அஜீஸ் போன் செய்தார். எல்சி வழக்கம்போல் போனை வலது காதில் வைத்தாள். "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

வலது காதைப் போன் அடைத்திருந்தது. பாட்டு இடது காதில் மட்டும் விழுந்தது. பல வருஷமாகக் கம்பளிக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோல் மங்கலாகவே கேட்டுவந்த அந்தக் காதில், நாகசுரம் பளிச்சென்று, இனிமையாக, சீவாளி ஈரம்கூடத் தெரிகிறபடி கேட்டது. அந்தச் செத்த காதுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கியா?" என்றது போன்.

எல்சி அதைக் கட் பண்ணினாள். போனை எடுத்துவிட்டு வலது காதால் கேட்டாள்: கீறல். விரலால் வலது காதை அடைத்து இடது காதால் கேட்டாள்: தேன். திரும்பத் திரும்ப அதையே செய்தாள். நஜ்மா பயந்துபோனாள்.

"என்னக்கா ஆச்சு?"

"அவனுக்கும் போயிடுச்சு நஜ்மா."

"யாருக்கு? என்ன போயிடுச்சு?"

"கிளமென்டுக்கு. காது. என் இடது காது எப்படிக் கேக்குதோ, அப்படித்தான் அவனுக்கு ரெண்டு காதும் கேக்குது. அவனுக்குச் சரியாக் கேக்குற வரைக்கும் மேல் ஒலியை ஏத்திக்கிட்டே போயிருக்கான். அவன் காதோட படம்தான் இந்த மேடு." எல்சி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

விழாவுக்குத் தானும் வருவதாக அஜீஸிடம் சொல்லிவிட்டு, எல்சி கணினியில் ஒரு சின்ன ஒலிக்கோப்பு தயாரித்தாள். மெல்லிய, கூரிய, ஒரே சீரான விசில். சத்தம் அதிகமில்லை. நல்ல காதுள்ளவனுக்குப் பல்லில் ஊசி ஏற்றுவதுபோல் இருக்கும். அந்த மேடு தேவைப்படுகிற காதுக்கு ஒன்றுமே கேட்காது. தன் இடது காதில் அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டாள்.

நஜ்மாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "அக்கா, வேணாம். ஸ்பீக்கர் சரியில்லைன்னு சொல்லுங்க, அது நியாயம். காது கேக்காததை வச்சு ஒருத்தரை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்துறது, அவர் உங்களுக்குச் செஞ்ச அதே வேலைதானே?"

"அதே வேலைதான்" என்றாள் எல்சி. "வேற எதைச் செஞ்சாலும் அவனுக்கு உறைக்காது."

விழா தஞ்சாவூரில் ஒரு ஓட்டலின் கூடத்தில் நடந்தது. திருச்சி, கும்பகோணம், சென்னை என்று டீலர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அறிவுச்செல்வன் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். எல்சியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கிளமென்டுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் தடுமாறினான். பிறகு மேடைச் சிரிப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஆள் பருத்திருந்தான். யாராவது பேசினால் அவர்கள் உதட்டைப் பார்க்கிறான் என்பதை எல்சி கவனித்தாள். அது அவளுக்குத் தெரிந்த பார்வை. அவளும் சந்தைகளில் அப்படித்தான் பார்ப்பாள்.

அவன் தயாராக வைத்திருந்த பாட்டுகள் ஓடின. பாதிப்பேர் தலையாட்டினார்கள், பாதிப்பேர் நாற்காலியில் நெளிந்தார்கள். "உங்க போன்ல இருக்கிறதையும் போட்டுக் கேக்கலாம், யார் வேணாலும் வாங்க" என்றான். அஜீஸ் தயங்கித் தயங்கி எழுந்தார். எல்சி அவரைத் தாண்டிக்கொண்டு போய்த் தன் போனைச் செருகினாள்.

முதலில் மதகுத் தண்ணீர். அது கடுகாய்ப் பொரிந்தது. "இது என்ன, எண்ணெய்ல போட்ட அப்பளமா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். கிளமென்டுக்கு அது கேட்கவில்லை. "அருமையான ரெக்கார்டிங்" என்றான்.

எல்சி அடுத்ததைத் தட்டினாள்.

விசில் கூடத்துக்குள் நுழைந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா தோளை உயர்த்தினார். ஒருவர் பல்லைக் கடித்தார். கிளமென்ட் மேடையில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காத்திருந்தான். பிறகு ஒரு விரலை உயர்த்தினான்.

"இதைக் கவனிங்க" என்றான், ரகசியம் சொல்கிற குரலில். "பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற இந்த அமைதியைக் கவனிங்க. ஒரு துளி இரைச்சல் இருக்கா? நல்ல ஸ்பீக்கருக்கு இதுதாங்க அடையாளம். அமைதி."

அப்படி ஒரு பரிசு தனக்குக் கிடைக்கும் என்று எல்சி எதிர்பார்த்திருக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அறிவுச்செல்வன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, "தம்பி, அதை நிறுத்துப்பா!" என்று கத்தினார். கிளமென்ட் கண்ணைத் திறந்தான். கூடம் முழுக்கக் கைகள் காதுகளில் இருந்தன. அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான். கைகளைப் பார்த்தான். எல்சியைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரமா ஓடுது?" என்று கேட்டான், அவளிடம் மட்டும்.

எல்சி வயரிலிருந்து தன் போனைப் பிடுங்கினாள். எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்: "ஸ்பீக்கர் செய்யிறவங்களுக்குக் காதுதானே சார் மூலதனம்? நாலு பேருக்குத் தெரிஞ்சா ஏவாரம் என்னத்துக்கு ஆவும்?"

அறிவுச்செல்வன் அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தார். அவருக்கு மெதுவாக ஞாபகம் வந்ததை அவர் முகத்தில் பார்த்தாள். அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் நஜ்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குறுவை அறுத்து முடிந்த வயல்களில் அடுத்த தாளடிப் பயிருக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். உடம்பு லேசாக இருந்தது. கும்பகோணத்தில் பஸ் நின்றபோது இறங்கி, ஒரு ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். நஜ்மா மோரை மட்டும் குடித்தாள். விழாவைப் போனில் படம் எடுத்தது நஜ்மாதான். "நான் இதை ஏத்த மாட்டேன்கா" என்றாள். எல்சி அவள் போனிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே ஏற்றினாள்.

வீடியோ தீயாய்ப் பரவியது. கூடவே கேலியும் வந்தது. செவிடன், டமாரம் என்று எழுதினார்கள். அந்த வார்த்தைகளை எல்சியும் கடைத்தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாங்கியவள்தான். அவற்றை அழிக்கலாம் என்று ஒருமுறை விரலைக் கொண்டுபோனாள். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சில நாளில் கிளமென்ட் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்காமல் நின்றான். எல்சி நாற்காலியைக் காட்டினாள். அவன் அவள் உதடு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"வீடியோவை எடுத்துடு எல்சி. அம்மா பாத்துட்டாங்க. எனக்குக் கேக்கலைன்னு அதுவரைக்கும் அவங்களுக்கே தெரியாது."

அவன் அம்மா மரியபுஷ்பம், கார் ஷெட் காலத்தில் எல்சிக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தவர். எல்சி அதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச வருஷமா. டெமோ டெமோன்னு தினம் சத்தத்துலயே நின்னேன். டாக்டர் மெஷின் வைக்கச் சொன்னாரு. எப்படி வைக்கிறது? ஸ்பீக்கர் செய்யிறவன் காதுல மெஷின் இருந்தா…" அவன் நிறுத்திவிட்டான்.

"சொல்லு. மிச்சத்தையும் சொல்லு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"எடுக்கறேன்" என்றாள் எல்சி. "அதுக்குப் பதிலா நீ இங்க உக்காந்து, கேமராவைப் பாத்து, நடந்ததைச் சொல்லணும்."

நஜ்மாவை வரவழைத்தார்கள். கிளமென்ட் கேமரா முன் உட்கார்ந்து, "பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு விபத்து நடந்துச்சு" என்று தொடங்கினான்.

"நிறுத்து" என்றாள் எல்சி. "விபத்து என் காதைத்தான் கெடுத்துச்சு. உன் பொய் என்னைக் கெடுத்துச்சு. அதைச் சொல்லு."

அவன் திரும்பத் தொடங்கினான். எல்சியின் காது நன்றாக இருந்தது, கெடுத்தது நான். பிறவியிலேயே கேட்காது என்று ஊரெல்லாம் சொன்னது பொய். குடமுருட்டியின் ஒலி முழுக்க அவள் வேலை. எனக்கு அதில் பங்கு கிடையாது. இத்தனையும் சொல்லி முடிக்கும்போது அவனுக்கு மூக்கு ஒழுகியது. மன்னித்துவிடு என்றும் சொன்னான். எல்சி கேமராவை நிறுத்தச் சொன்னாள். போதகரிடம், அவன் கேட்கட்டும் என்று சொன்னவள்தான். கேட்ட பிறகு, உள்ளே தேடிப் பார்த்தால் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சொன்னபடி விழா வீடியோவை எடுத்தாள். அதற்குள் அது ஊர்ப்பட்ட போன்களில் ஏறிவிட்டது. இனி அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அது தெரிந்துதான் அவள் அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டாள்.

அதோடும் விடவில்லை. குடமுருட்டி இரண்டின் விமர்சனத்தை வெளியிட்டாள். பெட்டி வேலையை மனதாரப் பாராட்டினாள். மேல் ஒலி கீறுவதைக் கோடு போட்டுக் காட்டினாள். கடைசியில் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் கழற்றி, பட்டுக் குமிழுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சுட்டிக்காட்டினாள். "இதை எடுத்துட்டு, பழைய குடமுருட்டியில நான் போட்ட அளவை வைங்க. ஈயம் பத்த வைக்கத் தெரிஞ்ச எந்த ரேடியோ மெக்கானிக்கும் செஞ்சு குடுப்பாரு." அளவைத் திரையில் பெரிதாகப் போட்டாள். மாற்றிய பிறகு மதகுத் தண்ணீரை ஓடவிட்டாள். தண்ணீர் தண்ணீராக விழுந்தது. நஜ்மா கேமராவுக்குப் பின்னாலிருந்து, தன்னை மறந்து, "ஆங்…" என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது எல்சி நினைத்ததைவிடப் பெரிய பழி. ஸ்பீக்கரை யாரும் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. நன்றாகவே விற்றது. ஆனால் வாங்கியவர்கள் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. "எல்சி மாத்து பண்ணிக் குடுங்க" என்று கடையிலேயே கேட்டார்கள். அஜீஸ் கடையில் 'எல்சி மாத்து செய்து தரப்படும்' என்று அட்டையே தொங்கவிட்டார். அடுத்த தயாரிப்பிலிருந்து கம்பெனியே அந்த அளவைப் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. கிளமென்டின் பலாமரப் பெட்டிகள் ஊர் ஊராக அவள் பெயரைச் சுமந்துகொண்டு போயின. அறிவுச்செல்வன் போன் செய்து, கம்பெனிக்கு வந்துவிடும்மா, கிளமென்ட் பெட்டியோடு இருக்கட்டும் என்றார். "பொறந்ததுலேர்ந்தே எனக்கு ஒரு காது கேக்காதுங்களே ஐயா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் பக்கத்தைச் சுரண்டி எடுத்தாள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது.

நஜ்மா தொடர்ந்து வந்தாள், வேலை செய்தாள். முன்போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை. "எனக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லக்கா. அன்னைக்கு அவர் கண்ணை மூடிக்கிட்டு நின்னாரே, அது மட்டும் அடிக்கடி கண்ணுக்குள்ள வருது" என்றாள் ஒருநாள். "எனக்கும் வருது. நான் அதைப் பாத்துட்டுத்தான் தூங்கறேன்" என்றாள் எல்சி. அது உண்மை. அவள் அதில் வெட்கப்படவில்லை.

தை பிறந்த பிறகு, ரீங்காரத்துக்கு வழக்கமாகப் பார்க்கிற காது மருத்துவரிடம் எல்சி தஞ்சாவூர் போனாள். காத்திருக்கும் அறையில் கூட்டம். இரண்டு நாற்காலி தள்ளி, கையில் ஒரு கவரை வைத்துக்கொண்டு கிளமென்ட் உட்கார்ந்திருந்தான். அவளை அவன் கவனிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளமென்ட்!" உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அவன் அசையவில்லை.

"கிளமென்ட் யாருங்க?"

எல்சிக்கு நன்றாகக் கேட்டது. கையை நீட்டினால் அவன் தோளைத் தொட்டுவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் அலுத்துக்கொண்டு வெளியே வந்து, அவன் முன்னால் நின்று கையாட்டினாள். அவன் பதறி எழுந்தான். எழும்போதுதான் எல்சியைப் பார்த்தான். பெயரைக் கூப்பிட்டதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது. லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நர்ஸின் பின்னால் போனான்.

எல்சி தலையாட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் தடவையிலேயே எழுந்து உள்ளே போனாள்.